வேலைக்குக் கொடுத்த வீடு

1

போன பெப்ரவரியில் எங்கள் கட்டடத்துக்குப் பத்தொன்பது நாள் வெப்பம் வரவில்லை. இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக் குளிரில் பிறந்து வளர்ந்தவள் நான். தை மாத உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிப்போவதைப் பார்த்தவள். அந்தக் குளிருக்கு அடுப்பு இருந்தது, கம்பளி இருந்தது, ஒரே அறைக் காம்பராவுக்குள் நாலு பேரின் மூச்சு இருந்தது. டொரன்டோவின் குளிர் வேறு. இங்கே வெப்பம் தண்ணீரைப்போலக் குழாய் வழியாக வரவேண்டும். வராவிட்டால் நாமாக உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. ஜன்னலின் உள்பக்கத்தில் ஐஸ் பிடித்தது. நானும் என் கணவர் ஞானராஜும் மகள் ரோஸியும் கோட்டோடும் தொப்பியோடும் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம்.

பதினான்கு மாடிக் கட்டடம். நாங்கள் இருப்பது ஒன்பதாவதில். சொந்தக்காரர் ஒரு கம்பனி. நாங்கள் குடிவந்தபோது ஒரு கம்பனி இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் அது இன்னொரு கம்பனிக்கு விற்றுவிட்டுப் போனது. இரண்டிலும் ஒரு மனித முகத்தை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்தவர் கீழ்த்தளத்தில் இருக்கும் சுப்பரிண்டன் மட்டும்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுப்பரிண்டன் என்றால் தோட்டத்தையே நடத்தும் பெரிய தொரை. பங்களாவில் இருப்பவர், அவர் வரும்போது பாதையை விட்டு இறங்கி நிற்கவேண்டும். இங்கே சுப்பரிண்டன் என்பவர் குழாய் திருத்துகிறவர், குப்பை வாளியை இழுத்துப்போகிறவர். வந்த புதிதில் அவர் கதவைத் தட்டி "நான் சுப்பரிண்டன்" என்றதும், கழுத்தில் கிடந்த துவாயை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். ரோஸி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் இருவருக்கும் அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

வெப்பம் நின்ற மூன்றாம் நாள் நான் சுப்பரிண்டனுக்குப் போன் செய்தேன். "எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் சூடு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தோட்டத்தில் வரிசை வீடுகளுக்கு லைன் என்று பேர்; ஒன்பதாம் மாடியில் வரிசையாக இருக்கும் வீடுகளுக்கும் என் வாயில் வேறு சொல் வரவில்லை. அவர் சரி என்றார். மறுநாள் டெலிபோன் கம்பனி ஆள் பெட்டியோடு வந்து நின்றார், எந்த லைன் பழுது என்று கேட்டுக்கொண்டு.

கம்பனிக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. எங்கள் கரிசனை கவனத்தில் எடுக்கப்பட்டதாம். கொதிகலன் பழுது பழைய கம்பனியின் காலத்தது என்பதால் அது ஆராயப்பட வேண்டுமாம். இந்த இரண்டாவது வசனத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன், வேறு நாட்டில், வேறு பாஷையில்.

2

எங்கள் மாடியில் பர்ல் என்று ஒரு ஜமேக்காப் பெண்மணி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை. எல்லாரும் மிஸ் பர்ல் என்றுதான் கூப்பிடுவோம். வெப்பம் திரும்பி வந்த வாரத்தில் அவர் கதவுக்குக் கதவு ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

மாகாண அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவர யோசிக்கிறதாம். வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரக் கம்பனிக்கும் தகராறு வந்தால், வக்கீல் வைக்காமல், கோர்ட்டுக்கு அலையாமல், ஒரு நடுவர் முன்னால் போய்ச் சொல்லலாம். கம்பனி குறித்த நாளுக்குள் வந்து பதில் சொல்லியாக வேண்டும். கட்டடம் கைமாறினாலும் பழைய முறைப்பாடு புதுக் கம்பனியின் தலையில் நிற்கும். முறைப்பாடு செய்த காரணத்துக்காக ஒருவரை வீட்டை விட்டு எழுப்பக்கூடாது. இதைச் சட்டமாக்குவதற்கு முன் சட்டசபை உறுப்பினர் சிலர் வந்து எங்கள் பக்கத்து நூல்நிலைய மண்டபத்தில் சனங்களின் பேச்சைக் கேட்கப்போகிறார்கள். பேச விரும்புகிறவர்கள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

"நீ பேசு" என்றார் மிஸ் பர்ல்.

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதாது."

"எனக்கும்தான் போதாது என்கிறார்கள். நான் பேசுகிறேனே."

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: மொத்தம் எத்தனை வருஷம் வாடகைக்குக் குடியிருந்திருக்கிறீர்கள்? நான் எட்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் நான் எங்கே குடியிருந்தேன்? அந்த வீடு எங்களுடையது இல்லை. வாடகை வீடும் இல்லை. மிஸ் பர்லிடம் கேட்டேன்.

"வீடு யாருடையது?" என்றார்.

"தோட்டத்துடையது. முதலில் வெள்ளைக்காரக் கம்பனி, பிறகு அரசாங்கம்."

"நீங்கள் அதில் இருந்தீர்கள். கூரை ஒழுகினால் யாரிடம் போய்ச் சொன்னீர்கள்?"

"தோட்டத்து ஆபிஸில்."

"பிறகென்ன? அதையும் எழுது."

நான் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனதில், இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

3

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் என்பது போதும். எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா, எங்களுடையது நாலாவது. ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு, சின்னத் தாழ்வாரம். அந்த இஸ்தோப்பில்தான் அடுப்பும் விறகும் கோழிக்கூடும், மழைநாளில் நாங்களும். அப்பா அந்தோணிமுத்து தேயிலை பெக்டரியில் ரோலர் ஓட்டியவர். அம்மா சவரியம்மா கொழுந்தெடுத்தவர். பிள்ளைகள் இரண்டு பேர். நானும், என்னைவிட ஆறு வயது இளையவளான ஜெசிந்தாவும்.

அடுப்புக்கு மேலே தகரம் ஒழுகும். எங்கள் திம்புள்ளப் பக்கத்து மழை லேசானதில்லை. வைகாசியில் தொடங்கினால் வானம் மூடியபடியே கிடக்கும். அப்பா கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை ஆபிஸில் சொன்னார். ஆபிஸில் எழுதிக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இது நடந்தது. இடையில் எழுபதுகளின் நடுவில் கம்பனி போய், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்தது. வெள்ளைக்காரத் தொரை போய்ச் சிங்களத் தொரை வந்தார். அப்பா மறுபடியும் போய்ச் சொன்னார். அது கம்பனிக் காலத்து முறைப்பாடு, புதிதாக எழுதித் தரவேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த மாசி மாதம் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

அம்மாவுக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே வயதாகிவிட்டது என்று பேர் வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பேர் பதிந்தவர்தான் தொழிலாளி. பேர் வெட்டினால் தோட்டத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஹட்டனில் கன்னியர் நடத்திய பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. அவர்களுடைய விடுதியிலேயே தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு பூசை முடிந்து திரும்பிப்போவேன். ஜெசிக்குப் பதினாறு. தலவாக்கலையில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த டிசம்பரில் பெரிய பரீட்சை. ஆக, எங்கள் நாலாம் காம்பராவில் பேர் பதிந்த ஆள் ஒருவரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கடிதம் ஒன்றை வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது.

"என்னா பிலோமி எழுதியிருக்கு? தப்பால்காரரு கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

"காம்பராவ விடச் சொல்றாங்கம்மா. ஒரு மாசத்துக்குள்ள."

"விட்டுட்டு?"

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

4

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு ஆபிஸுக்குப் போனேன். தொரை கெட்டவர் இல்லை என்பதை நான் சொல்லவேண்டும். எங்களை உள்ளே கூப்பிட்டார். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இந்த வீடு ஆளுக்கு இல்ல. வேலைக்கு. வேலை இருந்தா வீடு இருக்கு. வேலை இல்ல, வீடு இல்ல. நா என்னா செய்யிறது?"

"தொரைங்களே, முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தேன். அவரு பெக்டரியில இருந்தே செத்தாரு."

"அது சரிதான். அதுக்கு இப்ப ஒண்ணும் செய்ய ஏலாது. புது ஆளுக வந்திருக்கு, அவங்களுக்குக் காம்பரா வேணும்." என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிந்தால் இந்தக் கடிதத்தை நான் கிழித்துவிடலாம்."

வெளியே வந்ததும் அம்மா, தொரை கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் என்றேன். அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்யை இந்த வருஷம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த கிழமை ஹட்டனில் அரசாங்கத்துத் தொழில் கந்தோருக்குப் போனோம். இரண்டு மணிநேரம் காத்திருந்து உள்ளே போனால் அதிகாரி கேட்டார்: சம்பளத்தில் பிரச்சினையா? வேலையில் பிரச்சினையா? இல்லை, வீட்டில் பிரச்சினை என்றேன். அவர் கடிதத்தை வாசித்து மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஏக்க அபே வெடக் நெவெய், அம்மே" என்றார் சிங்களத்தில். அது எங்கள் வேலை இல்லை, அம்மா. வேலைத் தகராறைத்தான் அவர்கள் விசாரிக்கலாமாம். வீட்டுத் தகராறுக்கு நீதிமன்றம் இருக்கிறதாம்.

நீதிமன்றத்துக்காக நுவரெலியாவில் வக்கீலான ஒரு புரக்டரைப் பார்த்தோம். கன்னியர் மடத்துச் சிஸ்டர் எழுதிய கடிதத்தோடு போனதால் மரியாதையாகப் பேசினார். வாடகை ரசீது இருக்கிறதா என்று கேட்டார். லயக் காம்பராவுக்கு யார் வாடகை வாங்கினார்கள், யார் ரசீது தந்தார்கள்?

"அப்ப கஷ்டம்தான் மகள்" என்றார். "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. ஆனா நீங்க வாடகைக்கு இருக்கல்ல. வேலைக்காகக் குடுத்த எடத்தில இருக்கிறீங்க. கோர்ட்டுக்குப் போனா, இது தொழில் சம்பந்தப்பட்ட விசயம், அங்க போங்கன்னுதான் அவங்க சொல்லுவாங்க."

"அங்கேருந்துதான் ஐயா இங்க வாறோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவுக்கு நாங்கள் பேசியதில் பாதிதான் புரிந்திருக்கும். படியிறங்கும்போது கேட்டார், "ஏம்மா, ரெண்டு எடத்துலயும் நம்மள இல்லேன்னுட்டாங்களா?"

5

நூல்நிலைய மண்டபத்துக் கூட்டத்துக்குப் போன அன்று ரோஸி கூடவே வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுடைய தமிழ் காதில்தான் இருக்கிறது, வாய்க்கு வருவதில்லை. நான் எழுதிய பேச்சைத் திருத்தித் தந்தவள் அவள்தான்.

திருத்தும்போது பேனாவால் ஓரிடத்தைத் தட்டி, "லைன் ரூம் என்றால் என்ன? யாருக்கும் புரியாது" என்றாள்.

"லயம். நாங்க இருந்த வீடு."

"அப்படியென்றால் அபார்ட்மென்ட் என்று போடலாமா?"

"போடாத."

"ரோ ஹவுஸ்?"

"அது வேற. லைன் ரூம்ன்னே இருக்கட்டும். கேட்டா சொல்லிக்கிறேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே விட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு இந்தக் கதையை நான் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எண்பத்து மூன்றுக் கலவரத்தின்போது அவள் சின்னப் பிள்ளை. கினிகத்தேனையில் என் கணவர் வேலை செய்த கடை எரிந்ததும், நாங்கள் ஒரு சிங்களக் குடும்பத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்ததும், அடுத்த வருஷம் இங்கே வந்து சேர்ந்ததும் அவளுக்குத் தெரியும். பெரிய நெருப்புகளைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். சின்னச் சமாசாரங்கள்தான் வாயில் வருவதில்லை, அதிலும் நம்முடைய குற்றம் கொஞ்சம் கலந்திருந்தால்.

6

ஒரு மாதம் முடிந்தது. ஆடி மாதம், நல்ல மழை. அன்றைக்கு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஹட்டனில் இருந்தேன். அம்மாவும் ஜெசியும் சொன்னதைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆபிஸிலிருந்து ஏணியோடு இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள், நாலாம் காம்பராத் தகரத்தைக் கழற்ற. கூரை போனால் ஆட்கள் தானாகப் போய்விடுவார்கள் என்பது கணக்கு. போலீஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். வந்த இருவரில் ஒருவர் ராமையா மாமா. எங்கள் லயத்திலேயே ஏழாம் காம்பரா. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவர் ஒருவர்.

"அக்கா" என்று வாசலில் நின்றிருக்கிறார். "தொரை உத்தரவு. நா மாட்டேன்னா என் பேரை வெட்டிருவாங்க."

"ஏறு ராமையா" என்றிருக்கிறார் அம்மா. "நீ ஏறாட்டி வேற ஒருத்தன் ஏறுவான். அவன் அடுப்பு மேல மிதிப்பான்."

மாமா ஏறினார். இஸ்தோப்புக்கு மேலே இருந்த நாலு தகரத்தைக் கழற்றினார். பிறகு அங்கேயே குந்திக்கொண்டு ஒரு பாட்டம் சுத்தியலால் தட்டிவிட்டு இறங்கிவந்து, மற்ற ஆணியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, அசைய மாட்டேன் என்கிறது என்று கூட வந்தவரிடம் சொன்னார். கூட வந்தவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஆமாம் என்றார். நாலு தகரத்தோடு இருவரும் போனார்கள்.

அன்றைக்கும் மறுநாளும் மழை விடவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. லயத்துப் பெண்கள் வீட்டுக்கு ஒரு சாக்காகக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். தொழிற்சங்கத்துத் தலைவர் வந்து பார்த்து, கொழும்புக்குக் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னார். அம்மா அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசி விஞ்ஞானப் புத்தகத்தை நனையாமல் வைக்க இடம் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்குள் வைத்தாளாம்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத நேரம் பெரட்டுக் களத்தில் தப்பு மேளம் அடித்தது. வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம் அது. ஜெசி அம்மாவின் பழைய படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளைக்கு அவளைத் தெரியும்.

"நீ எங்க பாப்பா இங்க?"

"பேர் பதியணுங்க. நாலாங் காம்பரா."

"படிக்கிற புள்ளயில்ல நீ?"

"பதியுங்கய்யா. மழ பெய்யுது."

பதிந்தார்கள். அன்று பின்னேரமே அதே ராமையா மாமா அதே நாலு தகரத்தைத் தூக்கிவந்து பொருத்தினார். தொரை சொன்ன சொல் தவறவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த பழைய ஒழுக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, அது அப்படியே ஒழுகியது.

7

சனிக்கிழமை நான் வந்தேன். ஜெசி கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துச் சாறு விரலில் கறுப்பாக ஏறியிருந்தது, சாம்பல் போட்டும் போகவில்லை. ஆட்காட்டி விரலில் வெடிப்பு. நான் அவளைத் திட்டினேன். வேறு என்ன செய்யத் தெரியும்?

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புறதுக்கு என்ன? நான் வந்திருப்பேன்ல?"

"வந்து?"

"நான் பதிஞ்சிருப்பேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. "அக்கா, நீ சனிக்கெழம வருவ, ஞாயித்துக்கெழம போயிருவ. தகரம் ஏழு நாளும் வேணும்."

"பரீட்சைய எழுது ஜெசி. டிசம்பர் வரைக்கும்தானே. பெறகு பாத்துக்கலாம்."

"வேலைக்குப் போகாட்டி பேர வெட்டுவாங்க. நீ உள்ள போ, அம்மா இன்னும் சாப்புடல."

அவள் பரீட்சை எழுதவில்லை. நான் ஹட்டனுக்குத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது என் மனதில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. தொரை ஆங்கிலத்தில் சொன்ன வசனம் எனக்குத்தான் சொல்லப்பட்டது. வீட்டில் வயது வந்தவள் நான். நான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அப்படியிருந்தும் அது எப்படியோ என் தங்கையின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு அம்மா இறந்து, எனக்குக் கல்யாணமாகி, நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். ஜெசி அதே காம்பராவில்தான் இருக்கிறாள். இப்போது அவளுடைய புருஷனும் பேர் பதிந்தவர், பிள்ளைகள் இரண்டு.

8

மண்டபத்தில் மேடை இல்லை. மூன்று உறுப்பினர்கள் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிஷம். எனக்கு முன்னால் வீட்டுக்காரக் கம்பனிகளின் சார்பில் ஒரு வக்கீல் பேசினார். நல்ல குரல். வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் தங்களுக்குள் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்வதே சிறந்தது, மூன்றாவது ஆள் வந்தால் மனக்கசப்புத்தான் வளரும், பெரும்பாலான தகராறுகள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன என்றார். மிஸ் பர்ல் என் காதருகே குனிந்து, "எனக்குத் தீரவில்லை" என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சரியாக உச்சரிக்கவில்லை, நான்தான் என்று தெரிந்து எழுந்தேன். பத்தொன்பது நாள் குளிரைப் பற்றி எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அதற்கு மூன்று நிமிஷம் ஆனது. மீதி இரண்டு நிமிஷத்தில் லயத்தைப் பற்றிச் சொன்னேன். தாளைப் பார்க்காமல் சொன்னதால் இலக்கணம் எங்கெங்கோ போனது. தகரம் என்பதற்குச் சொல் வராமல் கையால் கூரை போட்டுக் காட்டினேன். இரண்டு கந்தோர்களைச் சொன்னேன். வேலை என்று போனால் வீடு என்றார்கள், வீடு என்று போனால் வேலை என்றார்கள் என்றேன்.

நடுவில் இருந்தவர் நரைத்த தலை, அமைதியான மனிதர். குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார், "கடைசியில் உங்கள் குடும்பத்தை அந்த வீட்டில் இருக்க விட்டார்களா?"

"விட்டார்கள்."

"கூரையைத் திரும்பப் போட்டார்களா?"

"போட்டார்கள். அன்றைக்கே."

"அப்படியென்றால் அந்தத் தகராறு தீர்ந்தது."

அவர் கேலியாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். அந்த வக்கீலும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என் தங்கைக்குப் பதினாறு வயது, ஐயா" என்றேன். "அவள் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அப்படித்தான் தீர்ந்தது. தானாகத் தீரவில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டு, நன்றி என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறினோம். ரோஸி ஆங்கிலத்தில் கேட்டாள், "சித்தி என்னவாக வர நினைத்தார்?"

"டொக்டர்னு நெனைக்கிறேன். இல்ல, டீச்சரோ என்னவோ."

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கேக்கல."

"இத்தனை வருஷத்தில் ஒருமுறையும்?"

ஒருமுறையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன், மழை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தொரை ஆங்கிலத்தில் சொன்னதையும், அதை நான் மறைத்ததையும் எழுதினேன். கீழே ரோஸியின் கேள்வியையும் எழுதினேன்.

9

ஏழு கிழமை கழித்துப் பதில் வந்தது. ஜெசியின் எழுத்து இன்னும் பள்ளிக்கூட எழுத்துத்தான், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பிள்ளைகளின் சுகம், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். அப்படியே தருகிறேன்.

"தொரை சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும் அக்கா. ஆபிஸ் கூட்டுற பாக்கியம் ஜன்னல் பக்கம் நின்னு கேட்டுட்டு, கிளாக்கர்கிட்ட அர்த்தம் விசாரிச்சு வந்து சொல்லிருச்சு. நீ சொல்லுவன்னு ரெண்டு சனிக்கெழம பாத்தேன். நீ சொல்லல. சொல்ல முடியாமத்தான் இருந்திருப்பன்னு நெனச்சுக்கிட்டேன். நீ பதிஞ்சிருந்தாலும் நம்ம ரெண்டு பேருல ஒருத்திக்குத்தானே அது.

ரோஸி கேட்டதுக்கு என்னா சொல்றது. என்னவா வரணும்னு பெருசா ஒண்ணும் நெனக்கல. பரீட்சைய எழுதிப் பாக்கணும்னு மட்டும் இருந்துச்சு. எத்தன பாடத்துல வருதுன்னு தெரிஞ்சிக்கிற ஆச. அது தெரியாமலே போச்சு, அவ்வளவுதான்.

எம் பெரியவனுக்குப் பன்னெண்டாவது வயசு நடக்குது. அவன் பேரப் பதிய மாட்டேன்னு அவங்க அப்பாகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன். நீ பேசுன அந்தச் சட்டத்தப் பத்தி நம்ம லயத்துல சொன்னேன். கம்பனிய நடுவருக்கு முன்னால கூப்புட்டுக் கேள்வி கேக்கலாம்னு யாரும் நம்பல. ராமையா மாமா மட்டும் அது எந்த மாசம் வருதுன்னு கேட்டாரு. வந்தா எழுது."

சட்டம் இன்னும் வரவில்லை. சட்டசபையில் வாசிப்பு நடக்கிறது, திருத்தம் நடக்கிறது, தேர்தல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து என்கிறார் மிஸ் பர்ல். ஜெசிக்கு அதைத்தான் எழுதினேன். இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று.